எட்டு ஜிபியில் மூன்றேகால்

எங்கள் வீட்டில் கம்ப்யூட்டர் இருக்கும் அறைக்குள் வருவதென்றால் என் வீட்டுக்காரரே கதவைத் தட்டிவிட்டுத்தான் வருவார். திரையைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பி வைத்திருப்பேன். அது போதாதென்று தாழ்ப்பாளும் போட்டிருப்பேன். சாப்பாட்டு நேரத்தில் வெளியே நின்றுகொண்டு, "உள்ள வரலாமா டாக்டரம்மா?" என்பார். கிண்டல்தான். ஆனால் ஒரு நாளும் தட்டாமல் வந்ததில்லை.

நான் செய்வது கல்யாண ஆல்பம் போடும் வேலை. அதிலும் பெண்கள் பக்கத்து ஆல்பம் மட்டும். பிறந்தது வல்லத்திராக்கோட்டைப் பக்கம், கடலையும் நெல்லும் போடுகிற குடும்பத்தில். வாக்கப்பட்டது கட்டுமாவடிக்கு. இந்தக் கடலோரத்து முஸ்லிம் வீடுகள் பலவற்றில் கல்யாணத்தன்று பெண்களுக்குத் தனி மண்டபம். ஆண்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்க மாட்டார்கள். வாசலிலேயே ஒரு சாச்சி, சின்னம்மா முறைப் பெண், பிளாஸ்டிக் கூடையோடு உட்கார்ந்து எல்லோருடைய செல்போனையும் வாங்கிப் போட்டுக்கொள்வார். உள்ளே படம் எடுப்பது ஒரே ஒரு கேமரா, அதுவும் ஒரு பெண்ணின் கையில். முன்பெல்லாம் அதுவும் கிடையாது. எடுத்துவிடலாம், எடுத்த படத்தை ஆல்பமாகப் போடுவது ஸ்டுடியோவில் உட்கார்ந்திருக்கும் ஆண்பிள்ளைதானே என்று விட்டுவிடுவார்கள். கம்ப்யூட்டர் டிப்ளமா படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறேன் என்று தெரிந்ததும் ஒரு வீட்டில் கொடுத்தார்கள். பிறகு இன்னொரு வீடு. இன்றைக்கு வரைக்கும் நான் போர்டு வைத்ததில்லை.

இந்தத் தொழிலில் எனக்குச் சில கட்டுப்பாடுகள் உண்டு. படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டேன். வேலை நடக்கும்போது நெட் இணைப்பைப் பிடுங்கி வைத்துவிடுவேன். பிரிண்ட் போட புதுக்கோட்டைக்கு நானே போவேன். அங்கே மெஷினில் ஓர் அக்கா இருக்கிற சனிக்கிழமையாகப் பார்த்துப் போய், பக்கத்திலேயே உட்கார்ந்து, முடிந்ததும் என் கண் முன்னால் அழிக்கச் சொல்லிவிட்டு வருவேன். எல்லாவற்றுக்கும் மேலாக, கம்ப்யூட்டர் என் வீட்டு வாசலைத் தாண்டாது. ரிப்பேர் என்றால் நானே திறந்து பார்ப்பேன், இல்லாவிட்டால் அப்படியே கிடக்கும். இதைச் சொல்லித்தான் வேலையே வாங்குவேன். கொஞ்சம் கர்வம் பிடித்தவள் என்று ஊரில் பேச்சு உண்டு. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

முதன்முதலில் என்னை நம்பிக் கொடுத்த வீடு அடுத்த தெருவில் இருக்கிற ராத்தா வீடு. ராத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. அவருடைய வீட்டுக்காரர் வெளிநாட்டில் வேலை பார்த்த இடத்திலேயே மவுத்தாகிவிட்டார்; இறப்பை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். அப்போது மகளுக்கு மூன்று வயது. ஒரே பெண். அவளை வளர்த்து, படிக்க வைத்து, மாப்பிள்ளை பார்த்து முடித்த நேரத்தில் ராத்தாவுக்கு மார்பில் கட்டி என்றார்கள். தஞ்சாவூருக்கும் ஊருக்குமாக ஒன்றரை வருஷம் அலைந்தார். தலைமுடி கொட்டிய பிறகும் என்னிடம், "இப்ப சீப்பு வாங்குற செலவு மிச்சம்" என்று சொல்லிச் சிரித்தவர்.

மாப்பிள்ளைக்கு வெளிநாட்டு வேலையில் கிடைத்தது ஒரே மாத லீவு. கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது ராத்தாவுக்கு மூச்சு வாங்கி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் ஐசியூவில் சேர்த்துவிட்டார்கள். தள்ளி வைக்கலாம் என்று மகள் அழுதிருக்கிறாள். நிறுத்தினால் நான் மருந்தே எடுத்துக்க மாட்டேன் என்று ராத்தா சொல்லி அனுப்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நிக்காஹ் நடந்தது. ராத்தா அன்றைக்கு முகத்தில் மாஸ்க்கோடு படுத்திருந்தார். போன் பேசக்கூட வழியில்லை. எனக்கும் போகக் கொடுத்துவைக்கவில்லை. அதே ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் வீட்டில் காதுகுத்து. தாய்மாமன் வீட்டுச் சீரைவிட அத்தை வரவில்லை என்பதுதான் எங்கள் பக்கத்தில் பெரிய பேச்சாகும் என்பதால் வல்லத்திராக்கோட்டைக்குப் போய்விட்டேன்.

திங்கட்கிழமை மத்தியானம், கேமராவில் படம் எடுத்த பெண் திருமயத்துக்குத் திரும்பும் வழியில் கார்டை என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சூட்டோடு சூடாகக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்தேன். ஆயிரத்துச் சொச்சம் படம். புதிதாகக் கேமரா வாங்கியிருந்தாள். ஒவ்வொரு படமும் பூதம் மாதிரி கனம். புள்ளை நன்றாக எடுத்திருந்தாள். மருதாணிக் கை, கருகமணி கட்டுகிற மாமியார், சிரிப்பை அடக்க முடியாமல் தலையைக் குனிந்திருக்கும் மணப்பெண்.

மேடையில் மணப்பெண்ணுக்கு இடப்பக்கம் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. முதலில் கவனிக்கவில்லை. படம் படமாகப் போகப் போகத்தான் தெரிந்தது. அத்தனை பெண்கள் மேடையேறி இறங்குகிறார்கள், சின்னப் பிள்ளைகள் ஓடுகிறார்கள், குரூப் போட்டோவுக்கு இருபது பேர் நெருக்கி நிற்கிறார்கள், அந்த நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. அது யாருக்கான இடம் என்று எனக்குச் சொல்லியா தெரிய வேண்டும்?

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எங்கள் தொழிலில் இது சகஜம். கல்யாணத்துக்கு வர முடியாத சித்தப்பாவை, செத்துப்போன தாத்தாவை, வேறு படத்திலிருந்து வெட்டி எடுத்து வந்து குரூப்பில் நிறுத்திவிடுவோம். கேட்கிறவர்கள் கேட்பார்கள், நாங்கள் செய்வோம். ராத்தாவின் பழைய படம் என்னிடமே இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அவர் முதன்முதலில் என்னை நம்பிக் கொடுத்த வேலை, அவருடைய தங்கச்சி மகள் கல்யாண ஆல்பம். அதில் மயில்கழுத்துக் கலர் பட்டுச்சேலை கட்டி, முழுக் கன்னத்தோடு, நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறார். அந்த ராத்தாவைக் கொண்டுவந்து இந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட வேண்டும். நடுப்பக்கத்தில் இரண்டு தாளுக்கும் சேர்த்து விரிந்த பெரிய படமாக. ஆல்பத்தைத் திறந்ததும் ராத்தா அதைப் பார்க்க வேண்டும். யாரும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை.

புதன்கிழமை ராத்தாவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்களாம். அப்படிச் சொன்னால் என்ன அர்த்தம் என்பது இங்கே குழந்தைக்கும் தெரியும். வியாழக்கிழமை காலையில் போய்ப் பார்த்தேன். கூடத்திலேயே கட்டில் போட்டு, டிவிக்கு எதிரே படுக்க வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஆக்ஸிஜன் மெஷின் இரைந்துகொண்டிருந்தது. மகள் காலடியில் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். கையில் மருதாணிச் சிவப்பு மாறவில்லை.

"படம் வந்துருச்சாமே தங்கச்சி?" என்றார் ராத்தா.

"வந்துருச்சு ராத்தா. வேல ஓடிக்கிட்டு இருக்கு."

"ஆல்பத்த நீ மெதுவாப் போடு. எடுத்தத அப்படியே ஒரு தடவ காட்டிரு. இந்த டிவியிலயே குத்திப் பாக்கலாமாமுல்ல?"

"அப்படியே பாத்தா நல்லா இருக்காது ராத்தா. பாதிப் பேரு கண்ண மூடிக்கிட்டு நிக்கிறாங்க. கலரு சரி பண்ணணும். ரெண்டே நாளு பொறுங்க, நான் ஒழுங்காக் கொண்டாந்து காட்டுறேன்."

ராத்தா மூச்சு வாங்கிக்கொண்டு, "எனக்குக் கலரு என்னத்துக்கு?" என்றார். "என் எடத்துல யாரு நின்னாங்கன்னு பாக்கணும், அம்புட்டுத்தான். இவளக் கேட்டா, தலையக் குனிஞ்சுக்கிட்டு இருந்தேன், ஒண்ணும் பாக்கலங்கிறா."

மகள் நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். எதையோ வைத்துக்கொண்டு சொல்லாமல் இருக்கிற சிரிப்பு. நானும் சிரித்தேன். என்னிடமும் ஒன்று இருந்ததே.

"ரெண்டு நாளுன்னா ரெண்டு நாளுதான?" என்று ராத்தா கேட்டார். "சனிக்கெழமைக்குள்ள வந்துருவேன்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து நடுப்பக்க வேலையைத் தொடங்கினேன். மண்டபத்தின் மூன்று படங்களை ஒட்டி அகலமாக்கி, அதில் ராத்தாவைக் கொண்டுவந்து வைத்தேன். வைத்ததும் சாஃப்ட்வேர் நின்றது. மெமரி போதவில்லை என்று ஒரு கட்டம் வந்தது, ஓகே கொடுத்தால் எல்லாம் மூடிக்கொண்டது. திரும்பத் திறந்து, திரும்ப வெட்டி, திரும்ப வைத்தேன். சேலைக் கரையில் நிழல் போடும் நேரத்தில் மறுபடி நின்றது. அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் ஐந்து தடவை. என் கம்ப்யூட்டரில் இருந்தது நான்கு ஜிபி ராம். சின்னப் படங்களுக்கு அது போதும். இந்தப் புதுக் கேமரா படங்களுக்குப் போதாது. இன்னொரு நான்கு ஜிபி போட்டு எட்டாக்கிவிட்டால் முடிந்தது என்று, வெள்ளிக்கிழமை வீட்டுக்காரரை அறந்தாங்கிக்கு விரட்டி ராம் வாங்கி வரச் சொன்னேன். அவர் லீவு போட்டுவிட்டுப் போனார்.

ராம் என்பது விரல் நீளத்துக்குப் பச்சைப் பட்டை. மூடியைக் கழற்றி, பழைய பட்டைக்குப் பக்கத்தில் இருந்த காலிக் குழியில் வைத்து அழுத்தினேன். டிக்கென்று உட்கார்ந்தது. கம்ப்யூட்டரைப் போட்டேன். சிஸ்டம் விவரத்தைத் திறந்தேன். மொத்தம் எட்டு ஜிபி என்று இருந்தது. சந்தோஷப்பட்டு முடிப்பதற்குள் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் இன்னொன்று: பயன்படுத்தக்கூடியது 3.24 ஜிபி.

எட்டு ஜிபி போட்டிருக்கிறேன், அது கண்ணுக்குத் தெரிகிறது என்று அதுவே ஒத்துக்கொள்கிறது, ஆனால் மூன்றேகால்தான் எடுத்துக்கொள்வேன் என்கிறது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அந்தக் கம்ப்யூட்டரை ஒரு பெண்ணாகப் பாவித்து நான் திட்டியது வெளியே கேட்டு, "உள்ள யாரு வந்துருக்கா?" என்றார் வீட்டுக்காரர்.

சனிக்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினேன். இரண்டு பட்டைகளையும் கழற்றி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்திருக்கும் வெள்ளை ரப்பரால் அதன் பல்வரிசையைத் தேய்த்துத் துடைத்து மாட்டினேன். மூன்றேகால். இடத்தை மாற்றி மாட்டினேன். மூன்றேகால். பழையதை மட்டும் தனியாகப் போட்டேன். நான்கு ஜிபி, பயன்படுத்தக்கூடியது மூன்றேகால். புதியதை மட்டும் போட்டாலும் அதே. எதைப் போட்டாலும் அதே மூன்றேகால் என்றால் கோளாறு பட்டையில் இல்லை என்று அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. ராத்தாவின் மகள் போன் செய்தாள். இன்னும் ரெண்டு நாள் ஆகும் என்று உம்மாகிட்டச் சொல்லு என்றேன். சரிக்கா என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை. திங்கட்கிழமை, ராம் வாங்கிய கடைக்குப் போன் போட்டேன்.

"முப்பத்திரண்டு பிட்டு விண்டோஸ் போட்டுருப்பீங்கக்கா, அது நாலுக்கு மேல எடுக்காது," என்றான் கடைப் பையன். "சிபியுவக் கொண்டாங்க, ஃபார்மேட் அடிச்சு அறுபத்திநாலு ஏத்தி விட்டுருவோம். ஒரு மணி நேர வேல."

"பாத்துட்டேன் தம்பி. அறுபத்திநாலுதான் இருக்கு."

"அப்பக் கொண்டாங்க, பாத்துத்தான் சொல்ல முடியும்."

"கொண்டார முடியாது."

"அப்ப நான் வேணா வாரேன்."

"நீங்களும் வர முடியாது."

"அப்புறம் எப்படிக்கா?" என்றான். நியாயமான கேள்வி.

எனக்கு வீம்பு ஏறிவிட்டது. ஃபார்மேட்தான் வழியென்றால் நானே அடிக்கிறேன், அதற்கு முன்னால் எல்லாவற்றையும் வெளி ஹார்டு டிஸ்க்கில் எடுத்து வைக்க வேண்டும் என்று காப்பி போட்டேன். எத்தனையோ வீட்டுக் கல்யாணங்கள். செவ்வாய் முழுக்க ஓடியது. நடுவில் இரண்டு தடவை கரண்ட் போய் மறுபடி முதலில் இருந்து. புதன்கிழமைதான் முடிந்தது. அன்றைக்கு மறுபடி அந்தப் பெண்ணின் போன்.

"உம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்கக்கா. ரொம்ப நேரம் முழிச்சு இருக்க மாட்டேங்கிறாங்க. காலையில மட்டும் கொஞ்சம் தெளிவா இருக்காங்க."

"சிஸ்டம் படுத்துருச்சும்மா. முடிஞ்சுருச்சு, இந்தா முடிஞ்சுருச்சு. உம்மா பாத்தா அசந்துருவாங்க, பாரேன்."

அவளுக்குச் சிஸ்டம் படுத்ததுதான் காதில் விழுந்திருக்கும். படுத்தால் படமும் வராது என்று நினைத்திருப்பாள். படம் வரும் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைத் திறந்து பார்க்க மூன்றேகால் என்ன, ஒரு ஜிபிகூட வேண்டாம். ஆயிரத்துச் சொச்சம் படமும் ஒரு கட்டைவிரல் அளவு பென்டிரைவில் அடங்கும். ஏன், இப்போது மேசைமேல் இருக்கிற வெளி ஹார்டு டிஸ்க்கிலேயே அத்தனையும் இருக்கின்றன. அதை ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு அடுத்த தெருவுக்கு நடந்தால் ஐந்து நிமிஷம். நான் போகவில்லை. அந்தப் பெண் போனை வைத்ததும் ஃபார்மேட் அடிப்பதற்கான டிவிடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

டிவிடி கிடைக்கவில்லை. வியாழக்கிழமை காலையில், பெண்கள் படம் இருக்கும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டு, நெட்டைச் செருகி, இதே கோளாறு உலகத்தில் வேறு யாருக்காவது வந்திருக்கிறதா என்று தேடினேன். ஏகப்பட்ட பேருக்கு வந்திருந்தது. ஒரே கேள்வியை ஆளுக்கொரு விதமாகப் புலம்பியிருந்தார்கள். அதில் ஒருவர் எழுதியிருந்தார்: கம்ப்யூட்டர் தொடங்கும்போது என்னென்ன நடக்க வேண்டும் என்று வைக்கிற செட்டிங்கில் போங்கள், அங்கே மேக்சிமம் மெமரி என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள்.

போய்ப் பார்த்தேன். டிக் இருந்தது. பக்கத்தில் 4096 என்று எண்.

அந்த டிக்கைப் போட்டது நான். ஒரு வருஷத்துக்கு முன்னால், கம்ப்யூட்டர் பறக்க வேண்டுமா என்று ஒருவர் பேசிய வீடியோவைப் பார்த்துவிட்டு, இருக்கிற மெமரி முழுவதையும் எடுத்துக்கொள்ளட்டும் என்று நானே போட்டது. இதற்கு மேல் போகாதே என்று அதற்குப் போட்ட பூட்டு அது என்று எனக்குத் தெரியாது. அப்போது இருந்த நான்கிலும் முக்கால் ஜிபியை அன்றைக்கே பிடுங்கிக்கொண்டது. ஆனால் போட்ட அன்றைக்கு வேகமாக ஓடியதாகவே எனக்குத் தோன்றியது. வீட்டுக்காரரிடம் அரை மணி நேரம் பெருமையடித்தேன். அவனைத் திட்டி, இவனைத் திட்டி, பட்டையைத் தேய்தேய் என்று தேய்த்து, ஒரு வாரம் ஓடிவிட்டது. டிக்கை எடுத்தேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். எட்டு ஜிபி, பயன்படுத்தக்கூடியது 7.96.

சிரித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு மத்தியானம் சோறுகூடத் தின்னாமல் உட்கார்ந்தேன். வேலை வெண்ணெயாக வழுக்கிக்கொண்டு போனது. ராத்தா அந்த நாற்காலியில் கச்சிதமாக உட்கார்ந்தார். மேடை விளக்கின் மஞ்சள் அவர் கன்னத்திலும் விழும்படி செய்தேன், சேலைக்குக் கீழே நிழல் போட்டேன், மகளின் கை அவர் தோளைத் தொடுவது மாதிரி ஒட்டினேன். வெட்டி வைத்த படம் என்று சத்தியம் செய்தாலும் நம்ப மாட்டார்கள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு முடித்துவிட்டேன். தட்டிவிட்டு உள்ளே வந்த வீட்டுக்காரரை வழக்கத்துக்கு மாறாகக் கூப்பிட்டுத் திரையில் எட்டு ஜிபியை மட்டும் காட்டினேன்; படத்தைக் காட்டவில்லை.

"அப்ப, போயி அந்த அம்மாகிட்டக் காட்டிட்டு வந்துரு," என்றார்.

"நாளைக்கு வெள்ளிக்கெழம, ஜும்மா நாளு. வீட்டுல ஆளு வர போக இருக்கும். சனிக்கெழம புதுக்கோட்ட போயி பிரிண்டு போட்டு, ஆல்பத்தோட நேரா அங்க போயிர்றேன். திரையில பாக்குறதும் தாளுல பாக்குறதும் ஒண்ணாகுமா?" என்றேன்.

அவர் கதவைச் சாத்திவிட்டுப் போனார். தொழில் என்னுடையது, அதில் அவர் தலையிடுவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மேல் இருக்கும். மீன் அலசிக்கொண்டிருந்தேன். பள்ளிவாசல் மைக் போடுகிற சத்தம் கேட்டது. வேளை இல்லாத வேளையில் அது ஒலித்தால் யாரோ மவுத்து என்று பொருள். கையை நிறுத்திக் கேட்டேன். தெருப் பெயரைச் சொன்னார்கள். பிறகு, மறைந்த இன்னாரின் மனைவி என்றார்கள். முழுதாக முடிவதற்குள் நான் ஈரக் கையோடு வாசலுக்கு வந்துவிட்டேன். அதற்கு மேல் எங்கே போவது என்று தெரியாமல் நின்றேன்.

போனேன். பெண்கள் கூட்டத்தில் ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். டிவி மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடியிருந்தார்கள். மகள் என்னைக் கண்டதும் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். ஆனால் எனக்குள்ளே அழுகைக்கு முன்னால் வேறு ஒன்று இருந்தது. இந்தப் பிள்ளை என்னிடம் ஏதாவது கேட்டுவிடுவாளோ என்ற பயம். அன்றைக்கு அவள் கேட்கவில்லை.

பிரிண்ட் போட உடனே போக மனம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை போனேன். மெஷினில் இருக்கும் அக்கா நடுப்பக்கம் வெளியே வரும்போது, "யாரு, பொண்ணோட அம்மாவா? முகக்களை அப்படியே இருக்கு," என்றார். ஆமாம் என்றேன்.

ஆல்பத்தை எடுத்துக்கொண்டு போன நாளில் மாப்பிள்ளை லீவு முடிந்து கிளம்பிப் போயிருந்தார். விசா வந்ததும் அவளும் போய்விடுவாள். கூடத்தில் கட்டில் இல்லை. இருவரும் பாயில் உட்கார்ந்தோம். அவள் ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். மருதாணி, கருகமணி, சாச்சிமார்கள், எல்லாவற்றையும் நின்று நிதானமாகப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்று இடையிடையே சொன்னாள். நடுப்பக்கம் வந்தது.

அவள் வெகுநேரம் பார்த்தாள். விரலால் அந்த மயில்கழுத்துச் சேலையைத் தடவினாள்.

"இந்த நாற்காலி காலியாத்தானக்கா இருந்துச்சு?"

"ஆமாம்மா. நான்தான் உம்மாவக் கொண்டாந்து வச்சேன்."

"யாரையும் உக்கார விடாம நான்தான் போட்டு வச்சேன்," என்றாள். "மாமி வந்து உக்காரப் போனாங்க, எந்திரிக்கச் சொல்லிட்டேன். உம்மா படத்துல அதப் பாக்கணும்னு. அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க, என் எடத்துல யாருன்னு. நான் வாயில சொல்லல. அவங்களே பாக்கட்டும்னு இருந்தேன்."

ராத்தா கேட்ட கேள்விக்கு அந்தப் பெண் வைத்திருந்த பதில் அந்தக் காலி நாற்காலி. அதை நான் ஒரு வாரம் மெனக்கெட்டு, எட்டு ஜிபி போட்டு, நிழல் தெரியாமல் மூடியிருக்கிறேன். காலியான நாற்காலியோடு அசல் படம் இருக்கிறது, அதையும் பிரிண்ட் போட்டுத் தருகிறேன் என்று சொன்னேன். சரிக்கா என்றாள்.

மீதித் தாள்களைத் திருப்பி முடித்து, ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"இந்தப் படமெல்லாம் ஒங்க கையில என்னைக்குக்கா வந்துச்சு?"

கோபமாகக் கேட்கவில்லை. என்னிடம் சொல்வதற்கு நிறைய இருந்தது. ராம் போதவில்லை, எட்டில் மூன்றேகால்தான் எடுத்தது, கடைக்குக் கொண்டுபோனால் உங்கள் வீட்டுப் பெண்கள் படம் வெளியே போயிருக்கும், கரண்ட் இரண்டு தடவை போனது. ஒன்றும் பொய் இல்லை. வழி முழுக்க அதையெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டுதான் வந்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியவில்லை.

"திங்கக்கெழம. கல்யாணத்துக்கு மறுநாளு."

"உம்மா வீட்டுக்கு வந்தது புதங்கெழமைக்கா," என்றாள்.

"ஆமாம்மா," என்றேன்.